முலு மலைக்குள் முருகைக்கல்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு மேசைக்கு முன்னால் நின்றபோது, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்ணாடித் தட்டில் வைக்கச் சொன்னார் அந்த அதிகாரி. வைத்தேன். ஒரே நொடியில் வேலை முடிந்தது, போகலாம் என்று கையைக் காட்டினார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்கு ரேகை விழாது. கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர், எங்கே போனாலும் பெருவிரலை மையில் தோய்த்துத்தான் வைப்பார். தாளில் விழுவது ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். உள்ளே கோடு ஒன்றும் இருக்காது. "சுண்ணாம்பு தின்னுருச்சுத்தா" என்பார்.

அந்த விரலை நினைத்துக்கொண்டே போனதால்தானோ என்னவோ, இந்தப் பயணம் முழுக்க அப்பா கூடவே வந்தார்.

மகனுக்குச் சரவாக் மாநிலத்தில் மிரி என்ற ஊரில் வேலை. எண்ணெய்க் கம்பெனிகள் உள்ள கடற்கரை ஊர். மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பள்ளிக்கூட வேலையில் இருந்தவரை லீவு ஒத்துவரவில்லை. போன வருடம் ஓய்வு பெற்றேன், இந்த ஆவணியில் திருச்சியில் விமானம் ஏறிவிட்டேன். சரவாக்கும் மலேசியாதான் என்றாலும் அங்கே இறங்கும்போது பாஸ்போர்ட்டில் இன்னொரு முத்திரை தனியாகக் குத்துகிறார்கள்.

"அத்தை, குகை பார்க்கப் போவோமா?" என்று கேட்டது மருமகள். மிரியிலிருந்து போகிற மாதிரி இரண்டு இடம் உண்டு. ஒன்று நியா. காரிலேயே போய்விடலாம். 1958இல் மிகப் பழைய மனித மண்டையோடு கிடைத்த குகை அது, சுமார் 40,000 ஆண்டுப் பழசு என்கிறார்கள். இன்னொன்று முலு. அதற்குச் சாலையே கிடையாது, சின்ன விமானத்தில்தான் போக வேண்டும். எது பெரியது என்று கேட்டேன். முலு என்றாள். சரி, முலுவே போவோம் என்றேன்.

பெரியது வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது வேதாளைப் பக்கம், மண்டபத்துக்கு முந்தி. 1964 டிசம்பரில், தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே மாதம். வடக்கே பெண் கடல் என்கிற பாக் நீரிணை, தெற்கே ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா, நடுவே மணலும் பனையும் குடை விரித்த மாதிரி நிற்கிற உடைமரமும். மலை என்று ஒன்று எங்கள் பக்கம் கிடையாது. ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று பெயர் இருக்கிறதே தவிர அது ஒரு மணல்மேடு. எங்கள் கண்ணுக்கு ஆக உயரமானது ராமேசுவரம் டிவி கோபுரம், 323 மீட்டர். அந்த ஊரில் 31 வருடம் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் நடத்தினேன். சுண்ணாம்புப் பாறைப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு குகை வரைவேன். மேலிருந்து தொங்குவது கல்விழுது, கீழிருந்து வளர்வது கல்முளை, இரண்டும் சேர்ந்தால் தூண். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதிவிடும். நானும் பார்த்ததில்லை, பிள்ளைகளும் பார்த்ததில்லை.

மிரியிலிருந்து அரை மணி நேரம். விசிறி வைத்த விமானம் தாழப் பறந்தது. கீழே காடு, காட்டுக்குள் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஆறு. இறங்கப் போகும் நேரத்தில் பச்சைக்கு நடுவே வெள்ளையாக ஒரு சுவர் எழுந்து நின்றது. "அதுதாம்மா சுண்ணாம்புக்கல்" என்றான் மகன். அப்போதே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

குனுங் முலு தேசியப் பூங்கா 528 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த மழைக்காடு. குனுங் என்றால் மலாய் மொழியில் மலை. முலு மலை 2,376 மீட்டர் உயரம், ஆனால் அது மணற்பாறை. அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கிற அப்பி, பெனாராட் மலைகள்தான் சுண்ணாம்புக்கல். குகையெல்லாம் அந்த வரிசையில்தான். 1977-78இல் லண்டன் ராயல் ஜியாகிரபிக்கல் சொசைட்டி பெரிய குழுவை அனுப்பி ஒரு வருடத்துக்கும் மேலாக இந்தக் காட்டை ஆராய்ந்தது. அப்போதுதான் குகைகளின் அளவு வெளியுலகுக்குத் தெரிய ஆரம்பித்தது. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே காலங்காலமாய் இருக்கிற பெரவான், பெனான் மக்களுக்குக் குகை இருப்பது முன்பே தெரியும், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெலினாவ் ஆற்றின் மேல் தொங்குபாலம். அதைத் தாண்டினால் பூங்கா அலுவலகம், தங்கும் அறைகள், ஆற்றைப் பார்த்தபடி ஒரு சாப்பாட்டுக் கடை. பாலத்தில் நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாக 800 மில்லிமீட்டர் சொச்சம். முலுவில் 4,000 மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு குடம் தண்ணீருக்கு ஊற்றுக்கிணற்றுப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையோடு காத்திருந்து வளர்ந்தவள் நான். அந்த மழையைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன்.

குகைக்குள் வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள். எங்களுக்கு வந்தவர் ஒரு பெரவான் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். என்னை "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட்டார். என் முழங்கால் வலியை மருமகள் சொல்லியிருப்பாள் போல, எனக்காக நடையைத் தளர்த்திக்கொண்டே வந்தார். மான் குகைக்கு 3 கிலோமீட்டர் பலகைப் பாதை. காட்டுத் தரையைத் தொடாமல் நடக்கலாம். வழுக்காமல் இருக்க இடையிடையே கம்பிவலை அடித்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு.

முதலில் லாங் குகை. அங்குள்ளவற்றில் இது சின்னது, ஆனால் அலங்காரம் முழுக்க இதற்குள்தான். விளக்கு வெளிச்சம் ஏறியதும் கூரை தெரிந்தது. ஆலமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்த மாதிரி, எங்கே பார்த்தாலும் விழுது. விழுது என்று பெயர் வைத்தவர் யாரோ, குகைக்குள் நின்று பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு பக்கம் பாறை மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, கொடியில் உலரப் போட்ட சேலை மாதிரி. அதன் விளிம்பில் வெளிச்சம் ஊடுருவியது. கல் வழியாக வெளிச்சம் வருவதை அன்றுதான் பார்த்தேன்.

வழிகாட்டி ஓரிடத்தில் என்னை நிறுத்தி டார்ச்சைக் காட்டினார். என் தலைக்கு ஒரு முழம் மேலே, உறிஞ்சு குழல் பருமனில் ஒரு வெள்ளைக் குழாய். அதன் நுனியில் ஒரு துளி. விழவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. நான் மனசுக்குள் எண்ணினேன். முப்பத்தெட்டு எண்ணும்போது துளியின் அடி லேசாகப் பருத்தது, நாற்பத்தொன்றில் விழுந்தது. விழுந்த கணமே அடுத்த துளி கசிந்து அதே இடத்தில் வந்து நின்றது. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலம் ஆகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டே வருகிறது. குகைக்குள் வெறும் காற்றைத் தொட்டதும் அந்த வாயு பிரிந்துபோக, கரைந்திருந்த சுண்ணாம்பு குழாயின் நுனியில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு துளி விட்டுப்போவது கண்ணுக்குத் தெரியாத அளவு. இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! அந்த நாற்பத்தொன்று எண்ணிக்கையைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேனே என்று இருந்தது.

அடுத்து மான் குகை. முன்பு மான்கள் வந்து ஒதுங்கிய இடம், அதனால் அந்தப் பெயர். அளவைச் சொன்னால் நம்புவது கஷ்டம், ஆனால் அளந்து எழுதிய கணக்கு இது: 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஓரிடத்தில் 169 மீட்டர் அகலம், 125 மீட்டர் உயரம். பாம்பன் ரயில் பாலத்தை முழுசாக உள்ளே நீட்டிவிடலாம். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்தால்தான் கூரை தொடும். வியட்நாமின் சோன் டூங் குகையை 2009இல் அளக்கும்வரை உலகத்திலேயே பெரிய குகைவழி இதுதான் என்று சொல்லிவந்தார்கள். கூரையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தண்ணீர் பூவாய்ச் சிதறி விழுகிறது. கீழே வரும்போது அது பாதி தண்ணீர், பாதி புகை.

வாசலைத் திரும்பிப் பார்த்தால் பாறை விளிம்பில் ஆபிரகாம் லிங்கனின் முகம் பக்கவாட்டில் தெரியும் என்று காட்டினார்கள். தெரியத்தான் செய்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். நான் வாடையைத்தான் கவனித்தேன்.

வௌவால் எச்சம். இந்தக் குகையில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வௌவால் வரை இருக்கும் என்கிறார்கள். அத்தனையும் போட்ட எச்சம் குன்று குன்றாகக் கிடக்கிறது. அமோனியா கண்ணை எரித்தது. மருமகள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காரல் பொடிமீன் காயப்போட்ட கடற்கரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவளுக்கு வாடை ஒரு பொருட்டா? கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் டார்ச் அடித்தால் தரை அசைகிறது. கரப்பான், பூச்சி, புழு, ஒரே நெளிவு. வெளிச்சமே இல்லாத இடத்தில் இத்தனை உயிரும் பிழைப்பது வௌவால் வெளியே போய்த் தின்றுவிட்டுக் கொண்டுவந்து போடுகிற சத்தில்தான். பட்டிபோட்ட வயலும் இப்படித்தானே. ஆடு மேய்ந்துவிட்டு வந்து ராத்திரி கிடை கிடந்தால் நிலம் கொழிக்கும்.

சாயங்காலம் வௌவால் புறப்படுவதைப் பார்க்க வாசலுக்கு எதிரே ஒரு திறந்தவெளி வைத்திருக்கிறார்கள். ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஐந்தரைக்கு மழை. கொட்டித் தீர்த்தது. மழையில் வௌவால் வராது என்று வழிகாட்டி வருத்தத்தோடு சொன்னார். ஏழு மணிக்கு நனைந்த செருப்போடு இருட்டில் மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தோம். வழியெல்லாம் தவளைச் சத்தம். முழங்கால் வீங்கிவிட்டது. மகன் அன்று ராத்திரி தைலம் தேய்த்துவிட்டான்.

மறுநாள் காலை நீளப் படகில் ஆற்றோடு மேலே போனோம். வழியில் பத்து புங்கான் என்ற பெனான் குடியிருப்பில் இறக்கிவிட்டார்கள். பிரம்பில் பின்னிய கூடைகள், வளையல்கள். ஒரு மூதாட்டி பின்னிக்கொண்டே விற்றார். அப்பத்தா பனையோலைக் கொட்டான் முடைகிற அதே விரலசைவு. ஒரு கூடை வாங்கினேன். பேரம் பேசவில்லை.

அப்புறம் காற்றுக் குகை. பெயருக்கேற்ப ஒரு குறுகலில் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது. ராஜா அறை என்று ஒரு கூடம், தூண்கள் நிறைந்தது. அங்கே வழிகாட்டி எல்லா டார்ச்சையும் அணைக்கச் சொன்னார். கையைக் கண் முன்னால் ஆட்டினேன், தெரியவில்லை. எங்கோ "டிக் டிக்" என்று சத்தம். உழவாரக் குருவிகள். தங்கள் சத்தத்தின் எதிரொலியைக் கேட்டே இருட்டில் பறந்து கூட்டுக்குப் போய்விடுமாம்.

அங்கிருந்து தெளிநீர்க் குகை. ஏறத்தாழ இருநூறு படி. முழங்காலோடு போராடித்தான் ஏறினேன். உள்ளே ஓர் ஆறே ஓடுகிறது. இதுவரை அளந்தது 200 கிலோமீட்டருக்கு மேல், இன்னும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு மதுரையைத் தாண்டிவிடலாம், அத்தனையும் மலைக்குள். நாங்கள் போனது அதில் ஒரு துண்டு.

நான் எழுத வந்த விஷயம் அங்கேதான் நடந்தது. வாசலை ஒட்டிய பாறைச் சுவரில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார் வழிகாட்டி. "ஆன்ட்டி, இங்கே பாருங்கள், இது கடல்" என்றார். மகன் தமிழில் சொன்னான். கல்லுக்குள் வட்ட வட்டமாக, பருப்பு அளவில், காசு அளவில் ஏதேதோ பதிந்திருந்தது. கடல் தரையில் வாழ்ந்த ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் என்றார். அதன் பக்கத்தில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் சின்னச் சின்னப் பூ. ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் ஒரு புள்ளி, புள்ளியைச் சுற்றி ஆரக்கால் மாதிரிக் கோடுகள். பூவும் பூவும் விளிம்பு ஒட்டி, இடைவெளியே இல்லாமல்.

எனக்கு அந்தப் பூவைத் தெரியும். ஐந்து வயதிலிருந்து தெரியும்.

முருகைக்கல் என்பது பவளப்பாறைதான். அப்பாவும் ஊரில் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வள்ளத்தில் மனோலித் தீவுப் பக்கம் போய் அந்தக் கல்லைப் பெயர்த்துக் கொண்டுவருவார்கள். கழுத்தளவு தண்ணீரில் முங்கி, கடப்பாரையால் நெம்பி, கயிறு கட்டித் தூக்குவது. அண்ணன் பதினாலு வயதில் அப்பாவோடு போக ஆரம்பித்தார். கல் வரும்போது பழுப்பும் பச்சையுமாக இருக்கும், மேலே கொழகொழவென்று ஒரு சளி. கரையில் குவித்து வெயிலிலும் மழையிலும் போட்டால் நாற்றம் போய், நிறம் போய், வெள்ளைவெளேர் என்று ஆகிவிடும். அப்போதுதான் பூ தெரியும். நாங்கள் பிள்ளைகள் சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்து, ஈர மணலில் அழுத்தி அழுத்திப் பூ அச்சு வைப்போம். கடற்கரை முழுக்கப் பூ. அலை வந்து அழித்தால் மறுபடி வைப்போம்.

பெரிய கல் வீடு கட்டப் போகும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயத்தின் சுவரைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கல்தான். மிச்சம் காளவாய்க்கு. நெஞ்சு உயரத்துக்கு வட்டமாகக் கட்டியிருக்கும். ஒரு அடுக்கு விறகு, ஒரு அடுக்கு கல், மறுபடி விறகு. தீ வைத்தால் ராத்திரி முழுக்க எரியும். ஆறிய பிறகு எடுத்தால் கல் கனமே இல்லாமல் வரும். தண்ணீர் தெளித்து நீற்றும்போது "சுர்ர்" என்று கொதித்து, வெடித்து, மாவாய் உதிரும். அந்த நேரத்தில் எங்களைக் கிட்டே விட மாட்டார்கள். அப்பா வெறுங்கையால்தான் அள்ளிச் சாக்கில் போடுவார். ராத்திரி விரல் வெடிப்பில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் அந்தச் சுண்ணாம்பு எங்கெங்கோ போனது. அப்பாவின் ரேகையும் அதோடு போய்விட்டது.

காளவாயில் சுடும்போது கல்லை விட்டுப் போவதும் அதே கரியமில வாயுதான். குகையில் துளி துளியாகப் பிரிவதை அப்பா ஒரே ராத்திரியில் பிரித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சுவரில் பூசிய பிறகு சுண்ணாம்பு அதைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. இது எனக்குப் பாடமாகத் தெரியும். அப்பாவோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

முலுவின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 4 கோடி ஆண்டிலிருந்து 2 கோடி ஆண்டுக்கு முன்புவரை, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் படிந்தது. எங்கள் ஆண் கடல் மாதிரி ஒரு கடல். முருகைப் பூச்சியும் சிப்பியும் கடற்பாசியும் செத்து விழுந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிலோமீட்டர் கணக்கில் கனமாகி, பிறகு பூமி நெம்பிக் கடலுக்கு மேலே தூக்கி, மழை பல லட்சம் ஆண்டு கரைத்துக் குடைந்து. நான் நின்றது கடலின் அடித்தரையில். அதுவும் அந்தப் பூவைத் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

தொடக்கூடாது என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது. மருமகள் "என்னத்தை, கால் வலிக்குதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்போது அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று எல்லோரும் எழுதுகிறோம், பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய் எத்தனையோ வருடமாயிற்று. கல்லை அள்ளியதுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அலையைத் தடுத்த பாறை போனால் மணல் தீவு எப்படி நிற்கும்? 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் புலிக்குக் கொடுக்கிற பாதுகாப்பைக் கொடுத்தார்கள். அப்பா அதற்கு வெகு முன்பே மூச்சிழுப்பு வந்து கடலை விட்டுவிட்டார். அன்றாடக் கூலிக்குப் போனவர். கல்லுக்குள் உயிர் இருக்கிறது, அது வளர எத்தனை காலம் ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் குறையில்லை. ஆனால் அந்த இரண்டு தீவும் இல்லாமல் போனதில் எங்கள் வீட்டுச் சோறும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் என்னால் சொல்ல முடியும்.

முலுவில் பலகைப் பாதை, கைப்பிடி, ஆளுக்கொரு கணக்கு, வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாத கட்டுப்பாடு என்று இருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்த ஊர்ப் பெண்ணே அந்த ஊர்க் குகையைக் காட்டுகிறாள். எங்கள் கடற்கரைப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயிருள்ள பவளத்தைப் பார்த்திருக்கும்? ஆண் கடலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகை இருக்கிறது. அடியில் கண்ணாடி வைத்த படகில் ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினால் போதும். வேலையில் இருந்தபோதே நான் அதற்கு அலைந்திருக்க வேண்டும். இப்போது அலைகிறேன், ஊரில் இரண்டு பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கிறேன்.

சரி, வௌவாலுக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் வானம் வெளுத்திருந்தது. "உன் காலுக்கு வேண்டாம்மா" என்றான் மகன். "போயே ஆகணும்" என்றேன். மறுபடி மூன்று கிலோமீட்டர். ஐந்தே முக்கால் இருக்கும், குகை வாயின் கறுப்பில் ஒரு புகை வளையம் சுழன்றது. அது மேலே எழும்பி, அவிழ்ந்து, நாடாவாக நீண்டது. அப்புறம் நிற்கவே இல்லை. நாடாவுக்குப் பின்னால் நாடா, மலை உச்சியைத் தாண்டிக் காட்டுக்கு மேல் நெளிந்து நெளிந்து போனது. மெல்லிய சத்தம் ஒன்று வந்தது, ஓலைக்கூரையில் தூறல் விழுகிற மாதிரி. அத்தனையும் சிறகுச் சத்தம்.

பாறையோரத்திலிருந்து பருந்து ஒன்று பாய்ந்தது. நாடா அந்த இடத்தில் மட்டும் அமுங்கி விலகி, மறுபடி கூடியது. சாளைக் கூட்டத்துக்குள் பாரை பாய்ந்தால் தண்ணீருக்குள் அப்படித்தான் ஆகும். வள்ளத்து ஓரத்தில் குப்புறப் படுத்துப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. இருட்டி, கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் தூறல் சத்தம் கேட்டது.

ஊருக்கு வந்த மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அது அப்பா கட்டிய வீடுதான். அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்து வீடியோ பார்த்தார். வௌவாலை மதினி ரசித்தார். பாறைச் சுவர் வந்ததும் அண்ணன் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார்.

"ஏத்தா, இது நம்ம கல்லுல்ல?"

"நம்ம கல்லுதாண்ணே. கோடிக்கணக்கான வருஷம் மூத்தது."

"எம்புட்டு இருக்கும்?"

"மலையே அதுதான்."

அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "எத்தனை காளவாய்க்கு வரும்?" என்றார். பதினாலு வயதிலிருந்து கல் அள்ளிய மனிதர், அளப்பதற்கு அவரிடம் உள்ள கோல் அதுதான். நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனார். நானும் போனேன்.

அடுப்படிச் சுவரில் பூச்சு உதிர்ந்து ஒரு முழத்துக்குக் கல் வெளியே தெரிகிறது. அதன் மேல் புகைக்கரி. அண்ணன் தோள் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார். கரி போகப் போகப் பூ வந்தது. நடுவில் புள்ளி, சுற்றிலும் கோடு. குழியில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"இது நான் கொண்டாந்த கல்லு. கச்சான் காத்து தொடங்குறதுக்கு முந்தின நாளு. அப்பாவுக்கு அன்னைக்குக் காய்ச்சல்" என்றார்.

உள்ளேயிருந்து மதினி சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணன் துண்டைப் பிழிந்துகொண்டே, "திங்கக்கிழமை வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன். இந்த எடத்தை விட்டுட்டு அடிக்கச் சொல்லணும்" என்றார்.